எத்தனை முறை மலை இறங்குவது?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்குகள் விரைந்து முடிய என்ன செய்யலாம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் வழக்கறிஞர் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைத்துக்கொண்டிருப்பவள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கேமரன் மலையில், கியா பார்மில். என் பாட்டி தேயிலைக் கொழுந்து பறித்தவர்.

கியா பார்ம் என்றதும் உங்களுக்குச் சந்தையும் ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் வாகன நெரிசலும் நினைவுக்கு வரும். எனக்கு, விடியற்காலைக் குளிரில் கோசு ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிகள் நினைவுக்கு வரும். அப்படி ஒரு லோரியில் கெலிண்டானாக வேலை செய்த ஓர் அண்ணனின் கதையைச் சொல்லி என் பேச்சைத் தொடங்குகிறேன்.

ஒன்பது பயணங்கள்

அவர் எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் மகன். சில ஆண்டுகளுக்கு முன், மலைக்குக் கீழே ஒரு பட்டணத்தில் காய்கறி இறக்கிய கிடங்கில் பொருள் காணாமல் போனது. சந்தேகத்தின்பேரில் அண்ணனைப் பிடித்தார்கள், பிறகு குற்றம் சாட்டினார்கள். "நான் எடுக்கவில்லை" என்று அவர் விசாரணை கோரினார். ஜாமீன் பணத்துக்காக அத்தை தன் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்தார்.

முதல் தேதியில், அரசு தரப்பு ஆவணங்கள் தயாராகவில்லை என்று வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த தேதியில் போலீஸ் அதிகாரி வேறு வழக்குக்குப் போய்விட்டார். பிறகு ஒரு தேதியில் மாஜிஸ்திரேட் விடுப்பு. சாட்சி ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி. அவர் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளர் வந்த நாளில் சாட்சி இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாராம். இப்படியே இரண்டு ஆண்டுகளில் ஒன்பது முறை அத்தையும் அண்ணனும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மலை இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் இருவருக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. மூன்றாவது முறைக்குப் பிறகு லோரி வேலையும் போனது.

ஐந்தாவது முறை நீதிமன்றத் தாழ்வாரத்தில் யாரோ அண்ணனிடம், "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும், தம்பி. எதுக்கு இப்படி அலையுற?" என்றாராம். அண்ணன் அத்தையின் முகத்தைப் பார்த்தார். "முடிச்சிடலாம்மா" என்றார். அத்தை சொன்ன பதில் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்: "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லிட்டு எந்த முகத்தோடடா மலையேறுவ?"

கடைசியில், சாட்சியைக் கொண்டுவர முடியவில்லை என்று அண்ணனை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். குற்றமற்றவர் என்ற விடுதலை அல்ல. பின்னாளில் மீண்டும் வழக்குத் தொடுக்க இடம் வைத்த விடுவிப்பு. அந்த நாட்களில் ஒரு முறை அத்தை என்னிடம் கேட்டார்: "பாப்பா, நீதான் டிவியில எல்லாத்தையும் பேசுறியே. இந்த மாதிரி கேஸெல்லாம் ஏம்மா முடியவே மாட்டேங்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படித்தேன், பலரையும் கேட்டேன். அதில் தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டு அரசர்கள்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீதியைப் பற்றி இரண்டு கதைகள் சொல்லுவோம். ஒன்று மனுநீதிச் சோழன். பசு வந்து மணியை அடித்தது. அரசன் உடனே வெளியே வந்தான். காலதாமதம் இல்லை, ஒத்திவைப்பு இல்லை. இன்னொன்று பாண்டியன் நெடுஞ்செழியன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, கோவலனை அழைத்து ஒரு வார்த்தை விசாரிக்காமல், அன்றே தீர்ப்பு, அன்றே தண்டனை. அந்த வழக்கும் விரைவாகத்தான் முடிந்தது!

குற்றவியல் சீர்திருத்தம் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு அரசர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நமக்கு வேண்டியது சோழனின் விரைவு. பாண்டியனின் அவசரம் வேண்டாம். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சட்டப் புத்தகத்தில் காலக்கெடு இருக்கிறதே!

நம் நாட்டுச் சட்டத்தில் காலக்கெடுவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி, கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்பதும் அதே விதிதான்.

அதற்குமேல் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். துன் சைடின் தலைமையிலான போலீஸ் அரச ஆணையம் 2005-இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன்பின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு 2007-இல் நடப்புக்கு வந்தது. 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால் முதல் முறை 4 நாள், அடுத்து 3 நாள் என்று காவலுக்கு வரம்பு வந்தது. அதைவிடக் கடுமையான குற்றங்களுக்கு 7 நாளும், மேலும் 7 நாளும். விசாரணை தொடங்கும் முன்பே முக்கிய ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது.

2012 ஜூனில் இன்னொரு திருத்தம் நடப்புக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 30 நாளுக்குள் இரு தரப்பு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். 60 நாளுக்குள் நீதிமன்றம் வழக்கு நிர்வாகத்தைத் தொடங்க வேண்டும். அதாவது எத்தனை சாட்சிகள், எத்தனை ஆவணங்கள், எதில் தகராறு, எதில் தகராறு இல்லை என்று பட்டியல் போட வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும்.

பின்னே ஏன் தாமதம் என்று கேட்பீர்கள். அதே சட்டம், 90 நாள் தாண்டிவிட்டால் அதனால் குற்றச்சாட்டு செல்லாமல் போகாது, அதை மேல்முறையீட்டுக்குக் காரணமாகவும் காட்ட முடியாது என்றும் சொல்கிறது. குற்றவாளி ஒரு சிறு தாமதத்தைச் சாக்காக வைத்துத் தப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த வழி அது. அதில் நியாயம் உண்டு. ஆனால் கெடுவைத் தாண்டினால் யாருக்கும் எதுவும் ஆகாது என்றால், அத்தையைப் போன்றவர்களுக்கு அந்தக் கெடு இருந்தும் இல்லாத கணக்குதான்.

நடந்த நல்ல மாற்றங்கள்

குறை மட்டுமே சொல்வது முறையாகாது. 2008 அக்டோபரில் துன் ஸாக்கி அஸ்மி தலைமை நீதிபதியானார். 2011 வரை அவர் பதவியில் இருந்த காலத்தில் தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்க்கப் பெரிய முயற்சி நடந்தது. அலமாரிகளில் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது உயிரோடு இருக்கும் வழக்கு, எது முடிந்தும் மூடாத வழக்கு என்று கணக்கெடுத்தார்கள். சாட்சி சொல்வதையெல்லாம் நீதிபதி கையாலேயே எழுதிக்கொண்டிருந்த நிலை மாறி, ஒலி ஒளிப் பதிவுக் கருவிகள் வந்தன. கை எழுத்தின் வேகத்துக்குச் சாட்சி காத்திருக்க வேண்டிய கட்டாயம் போனது. உலக வங்கியே 2011-இல் இந்த முயற்சியைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது.

சபா, சரவாக்கில் 2007-இல் நடமாடும் நீதிமன்றங்கள் தொடங்கின. பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியான டான்ஸ்ரீ ரிச்சர்ட் மலாஞ்சும் அங்கே அதற்கு வழிகாட்டியவர். சாலை இல்லாத உட்பகுதிகளுக்கு நீதிமன்றமே போனது. 2020-இல் கோவிட் வந்தபோது, காணொளி வழியாக வழக்குகளை நடத்தச் சட்டங்கள் திருத்தப்பட்டன.

ஆக, மாற்றம் முடியாத காரியம் அல்ல என்பதை நாமே கண்டிருக்கிறோம்.

ஐரோப்பா சொல்லும் பாடம்

இனி, கொஞ்சம் வெளியே பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடுகளிடம் முதலில் பார்ப்பது சாலையையும் துறைமுகத்தையும் மட்டுமல்ல; நீதிமன்றத்தையும்தான். 2013 ஜூலை 1-இல் குரோவேஷியா சேர்வதற்கு முன், தேங்கிய வழக்குகளும் நீதித்துறைச் சீர்திருத்தமும் பேச்சுவார்த்தையின் கடினமான பகுதியாக இருந்தன. 2007-இல் சேர்ந்த பல்கேரியாவையும் ருமேனியாவையும், சேர்த்துக்கொண்ட பிறகும் விடவில்லை. அவற்றின் நீதித்துறையைத் தனியாகக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கண்காணிப்பு முறைப்படி முடிவுக்கு வந்தது 2023-இல்!

ஐரோப்பிய மன்றம் 2002-இல் நீதித்துறையின் திறனை அளக்கவே ஓர் ஆணையம் அமைத்தது. அது இரண்டு எளிய கணக்குகளைப் போடுகிறது. ஓராண்டில் ஆயிரம் வழக்குகள் வந்து, தொள்ளாயிரம் முடிந்தால், தீர்வு விகிதம் 90 விழுக்காடு. மீதி நூறு தேக்கத்தில் சேரும். அடுத்து, ஆண்டு முடிவில் தேங்கி நிற்கும் வழக்குகளை முடிந்த வழக்குகளால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், ஒரு வழக்கு முடிய ஏறத்தாழ எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியும். நம் அத்தைகூடப் போடக்கூடிய கணக்கு.

ஆனால் இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். ஜோர்ஜியா என்ற நாடு 2023 டிசம்பரில் ஒன்றியத்தின் வேட்பாளர் நாடாக ஏற்கப்பட்டது. அங்கே 2004-இல், குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசி முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வழக்குகள் மளமளவென்று முடிந்தன. சில ஆண்டுகளில் பெரும்பாலான குற்ற வழக்குகள் விசாரணையே இல்லாமல் அந்த வழியில் முடியும் நிலை வந்தது. நிரபராதி என்று தீர்ப்பு வாங்குவது அரிதாக இருக்கும் நாட்டில், ஒருவர் ஒப்புக்கொள்வது மனமறிந்தா, பயந்தா என்ற கேள்வி எழுந்தது. கணக்கு அழகாக இருந்தது. அதற்குள் எத்தனை கோவலன்கள் இருந்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

நம் நாட்டிலும் 2012 முதல் இந்தப் பேசி முடிக்கும் முறை சட்டத்தில் இருக்கிறது. அதன்படி, அதிகபட்ச தண்டனையில் பாதிக்கு மேற்போகாமல் தண்டனை விதிக்க வழியுண்டு. சில குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்துதான் செய்கிறாரா என்று நீதிமன்றம் தனியறையில் விசாரிக்க வேண்டும் என்ற காப்பும் இருக்கிறது. முறையாக நடந்தால் இது நல்ல வழி. உண்மையிலேயே தவறு செய்தவருக்கும், பாதிக்கப்பட்டவருக்கும் அலைச்சல் மிச்சம். ஆனால் தாழ்வாரத்தில் அண்ணனிடம் சொன்னார்களே, "ஒத்துக்கிட்டா போயிடும்" என்று, அது வேறு. அங்கே பேசியது அலைச்சல். நான்காவது, ஐந்தாவது ஒத்திவைப்பில் ஏழை மனிதன் ஒப்புக்கொள்வது குற்றத்தை அல்ல, களைப்பை. அதன் விலை பெரியது. தண்டனைப் பதிவு ஏறிவிட்டால், நாளை ஒரு பாதுகாவலர் வேலைக்குக்கூட அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும்

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 6-ஆவது விதியைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனது. நியாயமான காலத்துக்குள் விசாரணை, வசதியில்லாதவருக்கு இலவச வழக்கறிஞர், மொழி புரியாதவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர், மூன்றையும் அந்த ஒரே விதியில் வைத்திருக்கிறார்கள். மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கும் அடுப்புக் கற்கள் மாதிரி. ஒரு கல் இல்லையென்றால் பானை நிற்காது.

இலவச வழக்கறிஞருக்கு நம் நாட்டில் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. 2011-இல் தொடங்கி வைக்கப்பட்டு, 2012 ஏப்ரலில் சேவையைத் தொடங்கியது. போலீஸ் நிலையம், தடுப்புக் காவல் விசாரணை, ஜாமீன் ஆகிய கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு வழக்கறிஞர் உதவி தருகிறது. முழு விசாரணைக்கு வருமானத்தைப் பார்ப்பார்கள். அண்ணனைப் பிடித்தபோது இது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. செய்தித் துறையில் இருக்கும் எனக்கே தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் விஷயம் இன்னும் அவசரமானது. ஒரு காலத்தில் மலைத் தோட்டங்களில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும். இன்று தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் என்று பல நாட்டுக்காரர்கள். சாட்சிக்கு ஒரு மொழி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு மொழி, நீதிமன்றத்துக்கு ஒரு மொழி. எந்தத் தேதிக்கு எந்த மொழி வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து ஏற்பாடு செய்யாவிட்டால், நீதிபதி, வழக்கறிஞர், சாட்சி எல்லாரும் வந்தும் வழக்கு நகராது.

என்ன செய்யலாம்?

என் சிற்றறிவுக்கு எட்டிய யோசனைகள் ஐந்து.

முதலாவது, வழக்கு எத்தனை நாளில் முடிந்தது என்று மட்டும் எண்ணாமல், ஒரு குடும்பம் எத்தனை முறை வீணாக நீதிமன்றம் வந்து திரும்பியது என்றும் எண்ண வேண்டும். அண்ணனின் வழக்கு ஏதோ ஒரு புள்ளிவிவரத்தில் "முடிந்த வழக்கு" என்று சேர்ந்திருக்கும். அந்த ஒன்பது பயணங்கள் எதிலும் சேர்ந்திருக்காது. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் திருத்துவோம்.

இரண்டாவது, தேதி குறிப்பதற்கு மட்டுமே வர வேண்டிய நாட்களைக் காணொளியில் நடத்தலாம். பெரிய வழக்கென்றால் மலை இறங்கியே ஆக வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சாட்சி விசாரணை நேருக்கு நேர் நடக்கட்டும். சாட்சியின் முகத்தை நீதிபதி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சபா, சரவாக் நடமாடும் நீதிமன்றத்தைப் போல, தோட்டப்புறங்களுக்கும் மலைப்பகுதிகளுக்கும் மாதம் ஒரு நாள் என்று முயன்று பார்க்கலாம்.

நான்காவது, விசாரணைக் கைதியாக இருக்கும் காலத்துக்குத் தெளிவான வரம்பு வேண்டும். இந்தியாவில் 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணைக்காகச் சிறையில் கிடந்தவர்களின் கதை வெளியே வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமையில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த அந்நாட்டின் புதிய நடைமுறைச் சட்டம், முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மிகக் கடுமையான குற்றங்களுக்கு இது பொருந்தாது. நாமும் அப்படி ஒரு கோடு போடலாம்.

ஐந்தாவது, சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகக் கட்டாய வேலை செய்ய வைக்கும் சட்டம் 1954 முதலே நம்மிடம் இருக்கிறது. அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிறையிலும் இடம் மிச்சம், குடும்பத்துக்கும் வருமானம் மிச்சம்.

நம் பங்கு

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. உறவினர் யாராவது கைது செய்யப்பட்டால், முதல் நாளே சட்ட உதவி அறவாரியத்தையோ வழக்கறிஞரையோ தேடுங்கள். வழக்கறிஞரிடம் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். நீதிமன்றத் தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அலுத்துப்போய் ஒரு தேதிக்குப் போகாமல் இருந்தால் கைது ஆணை வரும்; ஜாமீனும் போகும். சாட்சி சொல்ல அழைப்பு வந்தால், "நமக்கு ஏன் வம்பு" என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் வராத அந்த ஒரு நாளுக்காக, எங்கோ ஒரு தாய் மறுபடியும் நான்கு மணிக்கு எழுந்து வர வேண்டியிருக்கும்.

தோட்டத் தலைவர்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்புப் பலகையில் திருவிழா நோட்டீஸுக்குப் பக்கத்தில், சட்ட உதவி கிடைக்கும் இடத்தையும் தொலைபேசி எண்ணையும் ஒட்டி வையுங்கள்.

அண்ணன் இப்போது சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்கிறார். அத்தை தாலிக்கொடியை மீட்டுவிட்டார், வட்டியோடு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, இந்த மன்றத்தில் பேசப் போவதைச் சொன்னேன். அத்தை தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சீக்கிரமா முடிக்கச் சொல்லும்மா. ஆனா எங்க பிள்ளை சொல்றதையும் கேட்டுட்டு முடிக்கச் சொல்லு."

நான் இவ்வளவு நேரம் பேசியதை அத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதையே என் முடிவுரையாகவும் வைத்து விடைபெறுகிறேன்.